நான் வரைந்து கொடுத்த படங்கள்

பாலக்காட்டில் பி.எஸ்ஸி. கடைசி வருடம் படித்தபோது, ஹாஸ்டல் வார்டன் ஒரு புதுப் பெண்ணை என்னிடம் ஒப்படைத்தார். மூணாறு எஸ்டேட்டிலிருந்து இன்டர்மீடியட் சேர வந்தவள். பார்த்துக்கொள் என்றார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வகுப்பில் பேசும் இங்கிலீஷ் அவளுக்குப் புரியவில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டினாள். நானோ பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்து விவசாயி மகள். கை சும்மா இருக்காது. விலங்கியல் ரெக்கார்டு நோட்டை அவளிடமிருந்து பிடுங்கி, எல்லாப் படங்களையும் நானே வரைந்து கொடுத்தேன். உதவி என்றே நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, நோட்டிலிருந்த தவளையை வரையச் சொன்னார். முடியவில்லை. யார் வரைந்தது என்று மூன்று முறை கேட்டும் வாய் திறக்கவில்லையாம். மத்தியானம் அவளுடைய அறைத்தோழி இதைச் சொன்னபோது, அவளும் அவளது தகரப்பெட்டியும் அறையில் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பொள்ளாச்சி பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தாள்.

"எறங்கு கண்ணு."

"ஊருக்குப் போறேன்க்கா. ஒங்க பேரச் சொல்லல. பயப்படாதீய."

முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஓடி வந்த வழியெல்லாம் என் பேர் கெட்டுவிடுமே என்றும்தான் பயந்திருந்தேன்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். படியில் ஏறி நின்றுகொண்டேன்.

"மொத வருசம் நானும் இங்கிலீசுல பெயிலு. இங்க யாருக்கும் தெரியாது."

"நீங்களா?"

"நானேதான். இப்ப வாத்தியார்கிட்டப் போறேன், நான் வரைஞ்சேன்னு சொல்ல. நீ வந்தாலும் வராட்டியும் சொல்லுவேன்."

"ஏறுறீங்களா, எறங்குறீங்களா அம்மணி?" என்றார் கண்டக்டர்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

நான் சொன்னதைக் கேட்ட ஆசிரியர் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். அவள் மறுபடி வரைய ஆறு வாரம் கொடுத்தார். வார்டன் அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். ஆனாலும் தினமும் சாயங்காலம் அவள் எதிரே உட்கார்ந்தேன், பென்சிலைத் தொடாமல். அதுதான் கஷ்டமாக இருந்தது. நான்காம் நாள், தலை நிமிராமல் கேட்டாள்:

"அக்கா, டார்சல்னா என்ன?"

"முதுகுப் பக்கம்."

இத்தனை நாளும் அது தெரியாமலே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று இன்னும் பதினோரு வார்த்தைகள் கேட்டாள்.