முதலிபாளையத்தில் ஒரு பிடி மண்

நான் காலையில் காப்பி குடிக்கப் போகும் இடம் முன்பு தேவாலயமாக இருந்தது. ஜெர்மனியின் இந்தச் சிறிய பல்கலைக்கழக நகரத்துக்கு வந்த புதிதில் அது எனக்குத் தெரியாது. உயரமான கோபுரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், கனத்த மரக்கதவு. கதவைத் திறந்ததுமே குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் உள்ளே மேசைகள், கேக் அலமாரி, காப்பி இயந்திரத்தின் சீறல். காலுறையோடு நின்ற என்னைப் பார்த்துப் பரிமாறும் பெண் வேகமாக வந்தாள். புது ஷூ காலைக் கடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்; ஒரு பிளாஸ்டரை எடுத்து நீட்டினாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல என்னிடம் மொழி இல்லை. இல்லாத புண்ணுக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

என்னோடு படிக்கும் காட்ரின்தான் பிறகு விஷயத்தைச் சொன்னாள். நாங்கள் படிப்பது ரெலிகியோன்ஸ்விஸ்ஸன்ஷாஃப்ட், சமயங்களைப் பற்றிய ஆய்வு. பக்தியை வளர்க்கிற படிப்பல்ல. மனிதர்கள் எந்த இடத்தில், எந்தப் பொருளைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள், அது காலத்தில் எப்படி மாறியது என்று பார்க்கிற படிப்பு. இதைத் திருப்பூரில் என் சொந்தக்காரர்களிடம் சொன்னபோது, கன்னியாஸ்திரீ மாதிரி ஏதோ ஆகப் போகிறேன் என்று எண்ணி ஓர் அத்தை அழுதாள். காட்ரின் சொன்னாள்: வழிபட ஆள் குறைந்ததும் அந்தத் தேவாலயத்துக்கு ‘என்ட்விட்முங்’, அதாவது புனிதத்தை விலக்கும் சடங்கு, செய்தார்கள். கடைசியாக ஒரு ஜெபம். பிறகு பாத்திரங்களையும் மெழுகுவத்திகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினார்கள். அந்த நேரத்திலிருந்து அது வெறும் கட்டிடம். அவளுடைய பெற்றோருக்கு அங்கேதான் கல்யாணம் நடந்ததாம். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். இங்கே கேக் நன்றாக இருக்கும் என்றாள். என் ஜெர்மன் அவளுக்குப் புரியவில்லையா, அவள் பதில் எனக்குப் புரியவில்லையா என்று இன்றுவரை தெரியாது.

அதே காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு சாமியைக் குடியமர்த்தும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம் மழை பொய்த்துப்போன ஓர் ஊரிலிருந்து, எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் திருப்பூர் வந்தார்கள். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனார். அம்மா தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங்கில் சேர்ந்தாள். முதலிபாளையத்தில் ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. எங்களுக்குத் திருப்பூரே அப்போது வெளிநாடுதான். வந்த புதிதில் மளிகைக் கடைக்காரர் “ஏனுங்க, என்ன வேணுமுங்க?” என்று பணிவாகக் கேட்டதை, கந்தல் சேலையைப் பார்த்துக் கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு அம்மா எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டாள். எல்லோரிடமும் அவர் அப்படித்தான் பேசுவார் என்று புரிய மாதங்கள் ஆயின.

ஊரில் எங்கள் குலதெய்வம் மாடசாமி. சிலை கிடையாது. மேலே போகப் போகச் சிறுத்து, சுண்ணாம்பு பூசி நிற்கும் ஆளுயரப் பீடம்தான் சாமி. பங்குனி உத்திரத்துக்கு அங்கே போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். ஆனால் பங்குனியில்தான் கம்பெனியில் ஏற்றுமதி வேலை நெருக்கும், லீவு கிடைக்காது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அப்பாவால் போக முடியவில்லை. இரண்டாம் ஆண்டு கட்டிங் மெஷின் கத்தி அவருடைய இடதுகைச் சுண்டுவிரலின் நுனியைக் கொண்டுபோனது. மெஷின் பழசு, கையுறை தரவில்லை என்றெல்லாம் நான் சொன்னேன். சாமிக் குற்றம்தான் என்று நம்பிய அவர் காதில் ஏறவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்த மற்றக் குடும்பங்களையும் கூட்டிப் பேசினார். ஊர்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து முதலிபாளையத்திலேயே பீடம் கட்டிவிடலாம் என்று முடிவானது. பூர்வீகக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை முறைப்படி எடுத்து, புது இடத்தில் பதித்து, அதன்மேல் பீடம் எழுப்பினால் சாமி அங்கேயும் வந்துவிட்டார் என்று பொருள். பிழைக்கப் போன இடத்துக்கெல்லாம் தெற்கத்தி மக்கள் சாமியைக் கொண்டுபோனது இப்படித்தான்.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது நான் ஆய்வுக்காகத் திருப்பூர் வந்திருந்தேன். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அப்பாவிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: “சாமியையும் இங்க கொண்டாந்துட்டா நமக்கு ஊருல என்ன இருக்கு? பொறவு எதுக்குன்னு அங்க போவோம்?” ஊரில் எங்களுக்கு நிலம் இல்லை, வீடு இடிந்துவிட்டது. போவதற்கு அந்த ஒரு காரணம்தான் மிச்சம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனாலும் அந்தப் பங்குனியில் கம்பெனியிடம் எப்படியோ லீவு வாங்கி ஊருக்குப் போனோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் பீடத்தின் முன் போட்டார்கள். ஒரு சிறுமி எடுத்தது வெள்ளை. சாமி சம்மதித்துவிட்டார். பூசாரி பீடத்தடியில் மண்ணெடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, யாரிடம் கொடுப்பது என்று பார்த்தார். அப்பா கட்டுப்போட்ட கையையும் சேர்த்து நீட்டினார். அம்மா குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். கீழே வைக்கக் கூடாது என்பதால் பகல் முழுவதும் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம், தூங்கும் குழந்தைக்குச் செய்வதுபோல அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

இடத்தைப் பற்றி எங்களுக்குக் கவலை இருக்கவில்லை. காம்பவுண்டின் சொந்தக்காரர் ருக்மணியம்மா பரம்பரையாக முதலிபாளையத்துக்காரர், விவசாயக் குடும்பம். வேப்பமரத்தடியில் ஓரமாகச் சாமி வைத்துக்கொள்ளட்டுமா என்று அப்பா முன்பே கேட்டிருந்தார். “வெச்சுக்கோங்க, அதுக்கென்னங்க” என்று அவரும் சொல்லியிருந்தார். அவர் நினைத்தது சட்டம் போட்ட ஒரு படத்தை. செங்கல்லும் மணலும் வந்து இறங்கிய அன்றுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நானும் அப்பாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். வேற்றூர்ச் சாமி என்பதால் தடுக்கிறார் என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். சாமி பெயரைச் சொல்லி நாங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வோம் என்று பயப்படுகிறீர்களா என்று முகத்துக்கு நேராகக் கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“அந்தப் பயமும் இருக்குதுங் கண்ணு, இல்லீன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது மட்டுமில்லீங்க. எங்க குலசாமி இருந்த வெள்ளாமைக் காட்டை, பங்கு பிரிக்கறப்ப வித்துப்போட்டோம். அங்க இப்ப சாயப்பட்டறை. சாமி பட்டறை காம்பவுண்டுக்குள்ளதான் நிக்குது. வருசத்துக்கொருக்கா வாட்ச்மேன்கிட்டக் கேட்டுப்போட்டு உள்ள போறோம். அரை மணி நேரம் விடறாங்க.”

அப்பா மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ருக்மணியம்மா அவரைப் பார்த்துத் தொடர்ந்தார்: “நாளைக்கு எம்பசங்க இந்த எடத்தையும் விப்பாங்க மாஸ்டர். நான் தடுக்க முடியாதுங்க. அப்ப உங்க சாமியும் ஒரு வாட்ச்மேன்கிட்டக் கேட்டுட்டு நிக்கோணும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க.”

நான் அதுவரை எழுதிவைத்திருந்த குறிப்புகளில் சொந்த ஊர்க்காரர் ஒரு பக்கம், வந்தேறியவர் மறுபக்கம். சொந்த மண்ணில் இருந்துகொண்டே ஊரை இழந்தவருக்கு அவற்றில் இடமே இல்லை. திரும்பும்போது அப்பா, அந்த அம்மா நல்லவங்க என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

மண் வந்துவிட்டது, இடமில்லை. மஞ்சள் முடிச்சு எங்கள் வீட்டு விட்டத்தில் தொங்கியது. பூசாரியிடம் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அப்பாவே தளர்ந்துபோய்க் கேட்டார். வேண்டாம் என்று முதலில் சொன்ன அம்மா இப்போதும் வேண்டாம் என்றாள். “கூப்பிட்டோம், வந்துட்டாரு. இனிமே போன்னு எந்த வாயால சொல்லுவிய?” அன்று சாயங்காலமே மண்ணை ஒரு செம்புப் பானையில் இட்டு, பானைக்குச் சுண்ணாம்பு பூசி, சமையல் மேடைக்கு எதிரே உயரமான பலகையில் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் மற்றக் குடும்பங்கள் அந்த ஒற்றை அறைக்கு வந்து கும்பிட்டன. பக்கத்து வீட்டு ஜெயமணி அக்கா தூத்துக்குடிக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவர் கும்பிட மாட்டார். ஆனால் கூட்டம் உட்காரத் தன் வீட்டுப் பாயைக் கொடுத்தனுப்புவார்.

நான் ஜெர்மனி திரும்பி, பானையின் புகைப்படத்தைக் கருத்தரங்கில் காட்டினேன். அந்த மண் கடவுளின் குறியீடா, கடவுளேவா என்று பேராசிரியர் கேட்டார். நல்ல கேள்விதான். தொலைபேசியில் அம்மாவிடம் கேட்டேன். “வீட்டுக்கு வந்திருக்கவரப் பசிக்குதான்னு கேக்கியா, யாருன்னு கேக்கியா?” என்றாள். லைன் சரியில்லை போலிருக்கிறது. நான் கேட்டது அவளுக்கு வேறு மாதிரி விழுந்திருக்கிறது. மறுபடி கேட்கவில்லை. அந்தப் பதிலை அப்படியே ஆய்வேட்டில் எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தந்தார்.

ருக்மணியம்மா சொன்னபடியே காம்பவுண்டு விலைபோனது. அப்பாவும் அம்மாவும் வேறு வாடகை வீட்டுக்கு மாறினார்கள். பானை முதல் ஆட்டோவில் அம்மாவின் மடியில் போனது. பீரோவும் கட்டிலும் பிறகு வந்தன. புது வீட்டுச் சொந்தக்காரர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, அம்மா சாமியையும் சேர்த்து மூன்று பேர் என்று சொல்லிவிட்டாளாம். மகள் படிக்கப் போயிருக்கிறாள் என்று அப்பா சமாளித்தாராம்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு அப்பாவுக்கு லீவு இல்லை. அம்மா மட்டும் தனியாக ஊருக்குப் போனாள். போக இனிக் காரணமில்லை என்று சொன்னவள் அவள்தான். மறுநாள் மத்தியானம் மதுரை பஸ் நிலையத்திலிருந்து கைப்பேசியில் அழைத்தாள். இரண்டு நாள் இருந்துவிட்டு வரப்போவதாகச் சொல்லியிருந்தாளே, அதற்குள் ஏன் கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன்.

“பொங்கல் வச்சேன், கும்பிட்டேன். அங்க நிக்கும்போதே நெனப்பு வந்துட்டு ஏட்டி. ஒங்கப்பா டூட்டிக்குப் போயிருப்பாவ. சாமி வீட்ல ஒத்தையில இருக்காரு, விளக்கு வைக்க ஆளில்ல.”

எந்தச் சாமியைக் கும்பிடப் போனாளோ அதே சாமி தனியாக இருப்பாரே என்றுதான் அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் திருப்பூர், திருப்பூர் என்று ஒரு கண்டக்டர் கூவுவதும், அதை அமுக்கிக்கொண்டு சங்கரன்கோவில் என்று இன்னொருவர் கூவுவதும் கேட்டன. திருப்பூருக்கு எந்தப் பஸ்ஸை முதலில் எடுக்கிறார்கள் என்று அம்மா யாரிடமோ விசாரித்தாள்.