பண்டமாரானில் கண் திறந்த சிலை

போன வருஷம் பார்சலோனா போய் வந்ததைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். அதில் அருங்காட்சியகத்தில் எடுத்த ஒரு படம் இருந்தது. மடங்கி அமர்ந்து குனிந்திருக்கும் ஒரு பளிங்குப் பெண். கூந்தல் முன்னால் சரிந்து முகத்தை மறைத்திருக்கும். அந்தப் படத்தைக் காட்டித் தன் மனைவியின் கல்லறைக்குச் சிலை செய்யச் சொல்லியிருப்பதாக அக்டோபரில் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பெயர் ஆரோக்கியம். போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுகிறார். "அந்தச் சிலையோட கண்ணு மூடியிருந்ததா, தொறந்திருந்ததா? சிலை செய்றவரு நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நேர்ல பாத்தவங்க நீங்க, வந்து சொல்லுங்கம்மா. ஞாயித்துக்கிழம ஃபாதர் வந்து மந்திரிக்கிறாரு" என்று எழுதியிருந்தார். ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டால் பிறகு சிலையில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

எனக்கு இதில் என்ன வேலை என்று தோன்றாமல் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருப்பதில் ஒரு வசதி, கே.எல். சென்ட்ரலுக்கு நடந்தே போய்விடலாம். காலை ஒன்பது மணிவாக்கில் கோமுட்டர் ரயில். கிள்ளான் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம், கட்டணம் ஐந்து வெள்ளிக்குள் (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்). வார இறுதியில் ரயில் தாமதமாகும், கையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளானில் இறங்கி ரொட்டி சானாயும் தே தாரேக்கும் முடித்துக்கொண்டு கிராப் டாக்ஸி எடுத்தேன். பட்டறை இருக்கும் பண்டமாரானுக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும், பதினோரு வெள்ளி. வழியெல்லாம் கண்டெய்னர் லோரிகள். "கல்லறைக்குப் போறீங்களா, பட்டறைக்குப் போறீங்களா?" என்று டிரைவர் கேட்டார். பட்டறைக்கு என்றேன். "நல்லது லா" என்றார்.

பார்சலோனா சிலையைச் செய்த, அந்த வட்டாரத்துக் கத்தலான் இனத்துச் சிற்பியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அன்று எழுத மறந்தது. இளவயதில் அவர் கண்ணால் கண்டதை அப்படியே செய்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் என்றால் கழுத்து நரம்பு வரை இருக்கும். வயது ஏற ஏற ஆட்களை விட்டுவிட்டு, ஆட்களுக்குள் இருப்பதைச் செய்ய ஆரம்பித்தார். துக்கம், தனிமை, மன்னிப்பு எல்லாம் அவர் கையில் பெண்களாகிவிட்டன. கல்லறைகளுக்கும் நிறையச் செய்திருக்கிறார். அழுகிற முகத்தைக் காட்டினால் பார்க்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பான், துக்கத்தைப் பார்க்க மாட்டான் என்று நினைத்திருப்பார் போலும். இது என் ஊகம்தான், அவர் எங்கேயும் சொன்னதாகத் தெரியவில்லை.

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பாதி முடிந்த முருகன், உள்ளே வர்ணம் காயும் அந்தோணியார், இருவருக்கும் நடுவில் நம் அம்மாள். பளிங்கு இல்லை, சிமெண்டு. பார்சலோனாக்காரிக்குத் துணியே கிடையாது. கிள்ளானில் அந்தக் கதை நடக்குமா? இவளுக்கு மடிப்பு மடிப்பாகச் சேலை. ஆனால் கைகளைப் பார்த்ததும் கிட்டே போய்விட்டேன். விரல் முட்டியில் சுருக்கம், புறங்கையில் நரம்பு. செய்தவர் மாரிமுத்து, ஐம்பது வயது, கோயில் கோபுர வேலைக்காரர், தன் வேலையைப் பற்றி அடக்கமாகப் பேசத் தெரியாதவர். "பார்சலோனாவுல இந்தக் கை இருந்திச்சா? சொல்லுங்கக்கா!" என்றார்.

பெரிய உடம்பும் மெல்லிய குரலுமாக ஆரோக்கியம் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"கண்ணு மூடித்தானேம்மா இருந்திச்சு?"

அருங்காட்சியகத்தில் நான் குனிந்து பார்த்து, காவலாளியிடம் திட்டும் வாங்கியிருந்தேன். மூடித்தான் இருந்தது என்றேன்.

"கேட்டுக்கிட்டீங்களா அண்ணே?" என்றார் ஆரோக்கியம்.

மாரிமுத்து மசியவில்லை. கோயில் சிலைகளுக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். அதிகாலையில் குளித்து, கற்பூரம் காட்டி, உளியை எடுப்பார்கள். இந்தச் சிலைக்கும் பழகிய கை அதையே செய்துவிட்டது. வேதக்காரர் கல்லறைக்கு இது வேண்டாமே என்று யோசிக்கவே இல்லையாம். "நான் மூடுன கண்ணு வச்சதே இல்ல. தொறந்த கண்ண மறுபடி மூடுறது கொல பண்ற மாரி. என் கை போகாது லா."

ஆரோக்கியம் என்னிடம் திரும்பினார். "அன்னைக்கு ஷிப்டுல இருந்தேன். போன் வந்திச்சு. கிரேன் மேல இருக்கேன், மாத்தி விட ஆள் வரணும். எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஸ்டெல்லா போயிட்டா. வார்டுல இருந்த நர்ஸ் மிஸ்ஸி கண்ண மூடி வச்சிட்டாங்க. நான் கடைசியா பாத்தது அந்த முகம்தான். இவரு தொறந்து வச்சிருக்காரு, நான் எப்படி போய்ப் பாக்கறது? இன்னும் குனிஞ்சு பாக்கலம்மா, பாக்கவும் மாட்டேன்."

வந்திருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

மாரிமுத்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சலித்த சிமெண்டைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அவர் முன்னால் நீட்டினார். "நான் மூட மாட்டேன். உங்க சம்சாரம், நீங்க மூடுங்க. நான் வெளிய நிக்கறேன்." சொன்னாரே தவிர, வாசலைத் தாண்டவில்லை.

ஆரோக்கியம் கட்டைவிரலில் சிமெண்டுக் குழம்பைத் தொட்டுக்கொண்டார். சிலை தரையோடு தரையாகக் குனிந்திருந்ததால் அவரும் தரையில் உட்கார வேண்டியிருந்தது. அதுவும் போதாமல் ஒரு கையை ஊன்றி, தலையைச் சாய்த்து, கூந்தலுக்கு அடியில் பார்த்தார். பார்த்தவர் அப்படியே இருந்தார். விரலில் இருந்த சிமெண்டு காய ஆரம்பித்தது.

"மொறைக்கிறா" என்றார்.

மாரிமுத்து பதறிப்போனார். "மொகத்துக்கு நீங்க குடுத்தது ஐசி படம் லா! அடையாள கார்டு படத்துல எல்லாரும் அப்படித்தான இருப்பாங்க? சொல்லுங்க, சரி பண்ணிடறேன்!"

"வேணாண்ணே." ஆரோக்கியம் விரலைக் கால்சட்டையில் துடைத்தார். "லேட்டா வந்தா அவ இப்படித்தான் பாப்பா. இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சிலையை வைத்து மந்திரித்தார்கள். நான் போகவில்லை, படம் அனுப்பியிருந்தார். குனிந்த தலையும் கூந்தலும் கைகளும் மட்டும் தெரிகின்றன. துக்கத்தை முகமில்லாமல் காட்டினார் அந்தக் கத்தலான்காரர். இங்கே அதற்கு முகம் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. எது பெரிய கலை என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பார்சலோனாவில் கலங்காத கண் எனக்குப் பண்டமாரானில் கலங்கியது.

போக நினைப்பவர்களுக்கு: கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு கிராபில் பத்து நிமிஷம். காலையிலேயே போய்விடுங்கள், நிழல் கிடையாது. தொப்பி, கொசு மருந்து அவசியம். நின்றபடி பார்த்தால் முகம் தெரியாது, தரையில் உட்கார வேண்டும். பழைய கால்சட்டை போட்டுக்கொண்டு போங்கள். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று மட்டும் வேண்டாம். அன்றைக்கு ஆரோக்கியம் லீவு போட்டிருக்கிறார். கேட் திறப்பதற்கு முன்பே போய் நிற்கப் போகிறாராம்.