பூவின் நிறம்

தாவரக் காப்பகம் ஒன்றில் செடிகளை உலர்த்தி ஒட்டிய தாள்களின் படங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துக்குழிவயல் காட்டுச்செடி ஒன்றின் கீழே அம்மாவின் கையெழுத்து. செடியை வைத்து அரிசி மூட்டைக்கடியில் அழுத்திய செய்தித்தாளும் பாச்சை உருண்டையும் கலந்த பழைய வாசனை மூக்கில் ஏறியது.

கல்லூரியில் தாவரவியல் நடத்திய அம்மா, அந்தச் செடியைப் பறித்த அன்று மலையில் பூவின் நிறத்தைக் குறிக்க மறந்துவிட்டாள். காய்ந்ததும் பூ பழுப்பாகிவிட்டது.

"வெள்ளைன்னு எழுதும்மா, யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"நீ கண்டியா மக்கா?"

"இல்ல."

"எனக்கும் ஓர்மையில்ல. பின்ன எப்படி எழுத?"

'நிறம்: குறிக்கவில்லை' என்றே எழுதிக் காப்பகத்துக்கு அனுப்பினாள்.

அடுத்த தாளைத் திறந்தேன். அதே செடி, அதே கையெழுத்து, மறுவருடம். 'நிறம்: வெள்ளை, நுனியில் இளஞ்சிவப்பு.'

அந்த வருடம் கால் நிறைய அட்டைக்கடியோடு அம்மா சிரித்துக்கொண்டே வீடு வந்த நாள் இப்போதுதான் எனக்கு விளங்கியது.