பங்குனி உத்திரத்திலிருந்து எண்ணிய நாட்கள்

வனவிலங்கு இலாகாவில் வேலை பார்த்த காலம் முழுவதும் டைரி எழுதினேன். நாள், கிழமை, இடம் எதையும் விடமாட்டேன். அந்தக் கணக்கின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையால்தான் மலேசியாவில் பெம்பான் பக்கத்து எஸ்டேட்டில் ஓர் இருவாச்சிப் பறவையின் கூடு போனது.

அங்கே பள்ளி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பட்ட மரம் சாய்ந்து நின்றது. எஸ்டேட்டில் அதை வெட்டுவதாக இருந்தார்கள். அதன் பொந்துக்குள் பெட்டை இருவாச்சி புகுந்து வாசலைப் பூசி அடைத்திருந்தது. மிச்சம் விட்ட கீறல் வழியாக ஆண் பறவை பழம் ஊட்டியது. குஞ்சுகள் வளர்ந்து வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அடைத்த நாள் தெரிந்தால், அதுவரை மரத்தை விட்டுவைக்கச் சொல்லலாம்.

முதலில் பார்த்தவர் மருந்தடிக்கும் வேலை செய்யும் ஓர் அக்கா.

“பங்குனி உத்திரம் முடிஞ்ச மறுநாள் சார். பால்குடம் எடுத்த கால் வலியோட வேலைக்கு வந்தேன், அப்பதான் பூசிக்கிட்டு இருந்துச்சு. ஆம்பளப் பறவ நாள் முழுக்கச் சாப்பாடு தூக்குது பாருங்க. எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் கிளாஸ் எடுக்கச் சொல்லுங்க லா.”

நான் காலண்டரைப் பார்த்து எண்ணினேன். ஒரு வாரம் கூடுதலாகச் சேர்த்து, எஸ்டேட் மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

வெட்டும் நாளுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை, காலியான பொந்தைப் பார்க்கப் போனேன். வாசல் அடைத்தபடியே இருந்தது. ஆண் பறவை பழத்தோடு வந்து இறங்கியது. அக்காவைத் தேடிப்போய்க் கேட்டேன்.

“காலண்டர்லயா பாத்தீங்க? நம்ம கோயில்ல ஸ்கூல் லீவு பாத்துதான சார் பங்குனி உத்திரம் வைப்போம். டவுன்ல முடிஞ்சு நாலு வாரம் கழிச்சு.”

எஸ்டேட் கோயில்களில் ஆள் கூடும் நாளில் திருவிழா வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் கூடுதலாகச் சேர்த்த ஒரு வாரம் போக, இன்னும் மூன்று வாரம் வேண்டும்.

“நீங்க எழுதிக் கேட்ட தேதி சார் இது,” என்றார் மேனேஜர். “ஒரு நாள்கூட நான் குறைக்கல.”

“பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாமே?”

“இருக்கிறது ஒரே ரோடு. எங்க நிறுத்தினாலும் அந்த மரத்தடியிலதான் போகணும். நேத்து காத்துல ஒரு கிளை விழுந்துச்சு. அடுத்தது பிள்ளைங்க மேல விழுந்தா, உள்ள குஞ்சு இருந்துச்சுன்னு அம்மாக்காரிங்ககிட்ட நீங்க சொல்றீங்களா?”

என்னால் சொல்ல முடியாது.

செவ்வாய் காலை மரம் சாய்ந்தது. பிளந்த பொந்திலிருந்து பெட்டை பறந்து தப்பியது. இரண்டு குஞ்சுகளில் ஒன்று அங்கேயே இறந்துவிட்டது. இறகு விரியாத மற்றதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தேன். ஆண் பறவை பக்கத்துச் செம்பனை மரத்தின் மட்டையில், அலகில் பழத்தோடு உட்கார்ந்திருந்தது.

“நாம நின்னா வராது சார்,” என்றார் அக்கா.

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் விலகினோம். பறவை ஒரு மட்டை கீழே இறங்கியது. கழுத்தை நீட்டிப் பார்த்தது.

“சார், மரத்தை இழுக்கணும்,” என்று மரம் வெட்ட வந்த கான்ட்ராக்டர் மெஷினிலிருந்து கத்தினார். “ரோடே மறிச்சுக் கிடக்குது. பஸ் வர்ற நேரம்.”

நான் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். குஞ்சு வியாழக்கிழமை வரை இருந்தது.