ஒரே கேள்வி கேட்ட சிடி

வைரஸ் தொல்லை தாங்காமல், சிவகாசியில் எங்கள் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இலவச லினக்ஸை ஏற்ற உட்கார்ந்தாள் மருமகள் செல்வி. அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்து ஆடிப்பெருக்கன்று வெளியிடும் ஆல்பத்துக்கு அவள் முதன்முதலாக வரைந்த படங்கள் அதற்குள்தான் இருந்தன.

அவள் வாங்கி வந்திருந்த லினக்ஸ் சிடிகளில் முதலாவது கேள்விமேல் கேள்வி கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி எம்புட்டுக் கேள்வி! வேற சிடி இல்லையா?"

அடுத்தது ஒன்றே ஒன்று கேட்டது.

"கம்ப்யூட்டர் டிஸ்க் முழுசையும் எடுத்துக்கிடவான்னு கேக்குது அத்தை. வெவரமா ஒண்ணும் போடல. யாரையாவது கேப்போமா?"

"என் அச்சாபீஸுல நான் யாரைக் கேக்கணும்? எடுத்துக்கிடச் சொல்லு."

லினக்ஸ் சுலபமாக ஏறியது. முழுசையும் எடுத்துக்கொள்வதென்றால் உள்ளே இருப்பதைத் துடைத்துவிடுவதாம்; படங்கள் அத்தனையும் அழிந்துபோயின.

அதன்பிறகு செல்வி வரையவே இல்லை.

புதிதாக வருகிறவருக்குக் கேள்வி குறைந்தால் போதாது, விளக்கமும் வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற, யாராவது விளக்கினால்தான் எதுவும் புரிகிற எனக்கே அது தோன்றாமல் போயிற்றே.