முன்னால் போன சைக்கிள்

பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு துணிக்கடையின் இரண்டாவது மாடியில், காட்டன் சேலைப் பிரிவில், முத்துலட்சுமி நான்கு வருஷமாக நின்றுகொண்டிருந்தாள். நிற்பதுதான் அங்கே வேலை. காலையில் மாடி ஏறினால் கடை சாத்தும்வரை, சாப்பிடும் நேரம் தவிர உட்கார முடியாது. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு ஓரத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். அதன்மேல் எப்போதும் சேலைக் கட்டுகள் உட்கார்ந்திருந்தன.

சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காட்டு ஊர் அவளுக்கு. பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவள். "அண்ணாச்சி கடை, பயப்படாதீக" என்று கூட்டிவந்தவர் அம்மாவிடம் சொன்னார். அது பொய்யில்லை. அசோக் நகரில் விடுதி, மூன்று வேளைச் சோறு, போகவர வேன், எல்லாவற்றையும் கடையே பார்த்துக்கொண்டது. வந்த புதிதில் ஒருநாள் இரவில் மெரினாவையும் காட்டினார்கள். வேனைவிட்டு யாரையும் இறங்கவிடவில்லை. தூரத்தில் கறுப்பாக ஏதோ அசைந்தது, அதுதான் கடல் என்றார்கள்.

கடையில் ஒரே ஒரு விஷயத்துக்கு மன்னிப்புக் கிடையாது. வேலை செய்யும் ஆணும் பெண்ணும் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசினால் இருவரும் அன்றே ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

மாடிகளில் விற்ற துணியைப் பையில் போட்டு, பையின் காதுகளைச் சேர்த்து முடிந்து, ஒரு தகரச் சறுக்கில் விடுவார்கள். அது வழுக்கிக்கொண்டு தரைத்தளத்து டெலிவரி கவுண்டரில் போய் விழும். முத்துலட்சுமி முதல் வாரத்தில் போட்ட முடிச்சு பாதி வழியில் அவிழ்ந்து, சேலைகள் கீழே நின்றவன் தலையில் கொட்டின. அவன் சறுக்கின் வாய்க்குள் தலையைவிட்டுக் கத்தினான்: "யாருப்பா மேல? எனுக்கே பொடவை கட்டி வுட்றியா?"

தகரம் முழுக்க எதிரொலித்து அந்தக் குரல் மேலே வந்தது. பெண்கள் சேலை மடிப்புகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவன் பெயர் கபாலி. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அன்றிலிருந்து அவள் தன் பைகளுக்கு இரண்டு முடிச்சுப் போட்டாள். கொஞ்ச நாளில் இரட்டை முடிச்சு வந்தால் அது யார் அனுப்பியது என்று அவனுக்குத் தெரிந்துபோனது. பையை எடுத்ததும் பில்லில் முத்திரை குத்தும் கட்டையால் சறுக்கின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவான். 'டங்'கென்று மேலே கேட்கும். இரண்டு வருஷம் கழித்து, அறைத்தோழி தாரணி மூலமாகப் போன் நம்பர் கைமாறியது. பகலில் முடிச்சும் தட்டும், இரவில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் பேச்சும். மேலும் இரண்டு வருஷம் இப்படியே போனது.

இந்த ஆவணியில் அண்ணன் போன் செய்தான். தூத்துக்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை ஒருவரை அவளுக்குப் பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போக வருகிறானாம்.

அன்றிரவே அவள் கபாலியிடம் கேட்டுவிட்டாள். "எங்க அண்ணன்கிட்ட வந்து ஒரு வார்த்த பேசுவீகளா, மாட்டீகளா?"

"இன்னா லச்சு, பேசமாட்டேன்னு சொன்னனா?"

"பேசுவேன்னும் சொல்லலையே."

அதற்கு அவன் சொன்னான்: "இத்தப் போன்ல சொல்லக்கூடாது. உனுக்கு நான் கடலே காட்டல. பொதங்கெழம லீவு போடு. கடலாண்ட வச்சு சொல்றேன்."

அதையே சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இல்லை என்பதைச் சொல்ல யாராவது கடல்வரை கூட்டிப்போவார்களா?

பஸ்ஸில் போனால் கடை ஆட்கள் யாராவது பார்த்துவிடலாம். கடற்கரையில் சேர்ந்து நடந்தாலும் அதேதான். சைக்கிள் யோசனை அவனுடையது. சாந்தோமில் காஸ்பர் என்பவர் தன் வீட்டு வாசலில் சைக்கிள்களை நாள் வாடகைக்கு விட்டார். ஊரை அவரவர் போக்கில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக. "சைக்கிள்ல போறவன எவன் பாக்கறான்? இடிக்கறவன் கூட பாக்கறதில்ல" என்றான் கபாலி.

புதன்கிழமை, பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று விடுதிப் பொறுப்பாளரிடம் தாரணி சொல்லிவைத்தாள். சமையல்கார அம்மாவைக் கெஞ்சி முத்துலட்சுமி ஒரு டப்பா எலுமிச்சைச் சாதம் வாங்கிக்கொண்டாள், இரண்டு பேருக்கு.

காஸ்பர் பருத்த மனிதர். பனியன்மேல் ஜெபமாலை தொங்கியது. ஒரு வரைபடத் தாளை நீட்டினார். "கைடெல்லாம் கெடையாதும்மா, இதான் கைடு. தெப்பக்குளம், அடையார் பாலம், பெசன்ட் நகர் பீச்சு, அப்பால ஒடஞ்ச பாலம். ஆறு மணிக்குள்ள சைக்கிள் இங்க இர்க்கணும். நீ வரலன்னாலும் பரவால்ல, சைக்கிள் வந்துரணும்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா?"

"இல்ல" என்றாள் அவள். "ஆமா" என்றான் அவன், அதே நொடியில்.

"பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. எங்கிட்ட ஒரே ஆணிதான் கீது."

அந்த ஆணியில்தான் வாடகைக்கு எடுப்பவர்களின் அடையாள அட்டையை மாட்டிவைப்பார். முத்துலட்சுமியிடம் கடை அட்டை மட்டுமே இருந்தது. கபாலியிடம் லைசென்ஸ் இருந்தது, ஆனாலும் அவன் கடை அட்டையையே கழற்றிக் கொடுத்தான். ஒரே நீலக் கயிறு கட்டிய இரண்டு அட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. கிளம்புமுன் அவள் ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டாள்.

கூடை அவன் சைக்கிளில்தான் இருந்தது. சாதத்தை அதில் வைத்தாள். அவள் முன்னால் போவது, அவன் ஒரு பஸ் நீளம் தள்ளிப் பின்னால் வருவது என்று பேச்சு. பக்கத்தில் வரக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. அவன் பெல்லை ஒருமுறை அடித்தால் 'இருக்கிறேன்' என்று அர்த்தம். அவளும் ஒருமுறை அடிக்க வேண்டும். தெப்பக்குளத்துப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றான். அங்கே அவன் அம்மா பூ வாங்க வருவாள்.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை ஓட்டியதுதான் அவளுக்குக் கடைசி. முதல் திருப்பத்தில் ஆட்டம் கண்டாள், பிறகு கால்கள் தாமே நினைவுபடுத்திக்கொண்டன. நின்று நின்று வீங்கிய கால்களுக்கு உட்கார்ந்தபடியே ஊர் நகர்வது நம்ப முடியாததாக இருந்தது. பின்னால் டிரிங். அவள் டிரிங். ஒரு தண்ணீர் லாரியை முந்தும்போது தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

அடையாறு பாலத்துக்கு முன் சிக்னல் விழுந்தது. வண்டிகள் நெருக்கியதில் அவன் சைக்கிள் அவள் பக்கத்திலேயே வந்து நின்றது. அன்று முழுக்க ஒரே ஒருமுறை. இருவரும் எதிரே பார்த்தபடியே பேசினார்கள்.

"மெய்யாலுமே வர்றாரா உங்க அண்ணன்?"

"டிக்கெட் போட்டாச்சாம்."

அவன் கைப்பிடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "வெயில் ஏறிக்கினு கீது. நீ முன்னாடி போ லச்சு."

பச்சை விழுந்தது. அவள் போனாள்.

பாலத்தில் காற்று துப்பட்டாவை இழுத்தது. பாலம் தாண்டி மரங்கள் மூடிய சாலைக்குள் திரும்பியபோது பின்னால் பெல் கேட்டது. திருப்பி அடித்தாள். மறுபடி கேட்டது, மறுபடி அடித்தாள். வழக்கத்தைவிட அடிக்கடி அடிக்கிறான், கடல் நெருங்க நெருங்க அவனுக்கும் தாங்கவில்லை போலும் என்று நினைத்தாள். அண்ணனுக்கு என்ன வாங்கிவைக்கலாம், அவனை எங்கே உட்காரவைத்துப் பேசலாம் என்று யோசித்துக்கொண்டே மிதித்தாள். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் பெல் விடாமல் அலறியது. இனி யார் பார்த்தால் என்ன என்று சைக்கிளை நிறுத்தி, சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

ஹெல்மெட்டும் அரைக்கால் சட்டையும் போட்ட ஒரு வயதானவர், தன் சைக்கிளோடு வியர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்.

"ஏம்மா, வழி விடு வழி விடுன்னு அந்த மரத்தடி ரோட்லேர்ந்து அடிச்சிண்டே வரேன். நீ என்னடான்னா பாட்டுக்குப் பாட்டு மாதிரி திருப்பி அடிச்சிண்டே போறியே!"

அவருக்குப் பின்னால் சாலை காலியாக இருந்தது.

வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பான், வந்துவிடுவான். வரைபடத்தில் கடைசியாக இருந்த உடைந்த பாலத்துக்கே வருவதாகத்தானே பேச்சு. மீனவர் குப்பத்தைத் தாண்டி, மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். ஆறு கடலில் சேரும் இடத்தில் பாலம் பாதியில் நின்றது. அங்கே ஒரு கல்லில், கடலுக்கு முதுகைக் காட்டி, வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்தாள். அலைச் சத்தம் பின்னால் வந்து வந்து போனது. போன் போட்டாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. அடிபட்டிருந்தால்?

அதன்பிறகு அவள் மிதித்தது போட்டிக்கு மிதிப்பதுபோல இருந்தது. சாலை ஓரமெல்லாம் பார்த்தாள், கூட்டம் இருக்கிறதா, நசுங்கிய கூடை கிடக்கிறதா, மஞ்சள் சாதம் சிந்தியிருக்கிறதா என்று. பிள்ளையாருக்கு ஒன்று, ஊர் அம்மனுக்கு ஒன்று என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள். அடையாறு பாலத்து முனையில், காலையில் நின்ற சிக்னலுக்குப் பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் மூச்சு வாங்க நின்றாள்.

"அக்கா, இங்கன காலையில ஆக்சிடென்ட் ஏதும் ஆச்சா? சைக்கிள்ல வந்தவுகளுக்கு?"

"அய்ய, வாயக் கழுவு கண்ணு. அதெல்லாம் ஒண்ணும் ஆவல."

"கூட வச்ச சைக்கிளு. நீலச் சட்ட."

"அதுவா? தோ, சிக்னலாண்ட நின்னுச்சு. பச்ச வுழுந்தும் போவல. பின்னாடி கார்க்காரன் ஆரன் அடிச்சிக்கினே கீறான், இது அசையல. அப்பால எறங்கி சைக்கிள உருட்டிக்கினு வந்த வயியே பூட்ச்சு. பஞ்சர்னு நெனச்சேன்."

அடிபடவில்லை. முதலில் அந்த நிம்மதிதான் வந்தது, கண்ணில் நீர் வருமளவுக்கு. அடுத்து அவள் 'பஞ்சர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சர்தான். பஞ்சர் ஒட்ட நேரமாகும். போனைப் பையில் வைத்திருப்பான். சாந்தோம் வரை அந்தச் சொல்லே அவளைத் தள்ளிக்கொண்டு வந்தது.

காஸ்பர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும் முன்பே ஆணி கண்ணில் பட்டது. அதில் ஒரு நீலக் கயிறுதான் தொங்கியது.

"பஞ்சராண்ணே?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

"எதும்மா, என் சைக்கிளா? காத்துகூட எறங்கல." அவர் எழுந்து உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்தார். "இத்த உங்கிட்ட குடுக்கச் சொன்னாரு."

திறந்து பார்த்தாள். சாதம் வைத்தது வைத்தபடி இருந்தது. பசி தாங்காதவன் அவன். சாப்பாட்டு மணி பத்து நிமிஷம் தள்ளினாலே கவுண்டரைத் தட்டி ரகளை செய்வான் என்று கடையே சொல்லும்.

"வேற எதுவும் சொன்னாகளா?"

"இல்லம்மா. சீட்டத் தொடச்சு வச்சாரு. கொஞ்ச நேரம் இங்கயே நின்னாரு. அட்டய எடுத்துக்கினு பூட்டாரு." காஸ்பர் தலையைச் சொறிந்தார். "ஆறு மணி வரைக்கும் சைக்கிள் உன்னுதுதாம்மா. வோணும்னா இன்னொரு ரவுண்டு போய்ட்டு வா."

அவள் தலையாட்டி மறுத்தாள். வாசற்படியில் உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது. அவனிடமிருந்து ஒரு செய்தி: 'அம்மாகிட்ட கேக்க தைரியம் வர்ல. உன் மூஞ்சிய பாத்து சொல்லவும் வர்ல. அண்ணன் சொல்ற எடத்துல கட்டிக்கோ லச்சு.'

இரண்டு முறை படித்தாள். பிறகு டப்பாவின் மூடியில் பாதிச் சாதத்தைத் தள்ளி காஸ்பரிடம் நீட்டினாள். "சாப்பிடுங்கண்ணே. ரெண்டு ஆளுக்குக் கொண்டாந்தது."

அவர் மறுக்கவில்லை. வாங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, அவளுக்கு எதிரே ஒரு டயர்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். தெருவைப் பார்த்துக்கொண்டே மென்றார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உப்பு கம்மி" என்றார் கடைசியில்.

"ஹாஸ்டல் சாப்பாடு அப்படித்தாண்ணே" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது. வாயில் சோற்றோடு, சத்தமில்லாமல். காஸ்பர் எழுந்து போய், காற்று இறங்காத டயர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் காற்று அடிக்க ஆரம்பித்தார்.

விடுதியில் தாரணி காத்திருந்தாள். "ஏட்டி, கடலு எப்படி இருந்துச்சு?"

"நல்ல சத்தம்" என்றாள் முத்துலட்சுமி. கன்னத்தில் கைவைத்துப் படுத்திருந்தவளைப் பார்த்து, பல்லைப் பிடுங்கிவிட்டார்களா என்று விடுதிப் பொறுப்பாளர் விசாரித்தார். ஆமாம் என்றாள்.

மறுநாள் கடை. பண்டிகை நெருங்கும் கூட்டம். முதல் வியாபாரம் வடபழனியிலிருந்து வந்த ஓர் அம்மாவுடையது, மகள் கல்யாணத்துக்கு வைத்துக்கொடுக்க ஒரு கட்டுச் சேலை. முத்துலட்சுமி மடித்து, பையில் அடுக்கி, காதுகளைச் சேர்த்தாள். கை பழக்கத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டது. சறுக்கின் வாயில் வைத்தவள், திரும்ப எடுத்தாள். இரண்டாவது முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தாள்.

"ஏம்மா, நல்லாத்தானே கட்டியிருந்தே? அவுந்து கொட்டிறப் போவுது" என்றார் அந்த அம்மா.

"கொட்டாதும்மா. இப்பல்லாம் நல்லாப் போடப் பழகிட்டேன்."

பையைச் சறுக்கில் விட்டாள். அது தகரத்தில் உரசிக்கொண்டே இறங்கி, கீழே பொத்தென்று விழுவது கேட்டது. அதற்குப் பிறகு வேறு சத்தம் வரவில்லை. அவள் அடுத்த சேலையைப் பிரித்தாள்.