நீலச் சட்டை

வேலைக்குப் போகும் வழியில், சிங்கப்பூரின் தேக்காவில் சுவரொட்டி ஒட்டியவரின் வாளியிலிருந்து வந்த மாவுப் பசையின் வாசனை, குவீன்ஸ்டவுனில் இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் தேவாலயத்தின் தகரக் கூடத்துக்கு என்னை இழுத்துப் போனது. இத்தாலிய மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பங்குச் சாமியார், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் தம் ஊர் வழக்கப்படி அங்கே முகமூடித் திருவிழா நடத்துவார். செய்தித்தாளையும் பசையையும் குழைத்துச் செய்த, ஈரம் காயாத முகமூடிகளோடு, அடையாளம் தெரியாதபடி பிறர் உடைகளை அணிந்த ஆண்கள், மணியடிக்கும்வரை வாய் திறக்காமல், சிமெண்டுத் தரையில் கால்கள் தேயும் சத்தம் மட்டும் கேட்க ஆடுவார்கள்.

அப்பா இறந்த வருடம், அவருடைய நீலச் சட்டையும் அந்தக் கூட்டத்தில் ஆடியது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அப்பா, நீங்கதானே? பேசுங்கப்பா!"

அந்தக் கை என் கையை இறுகப் பற்றியது.

"விடுடி, சட்டைய நான்தான் கோயிலுக்குக் குடுத்தேன்," என்றார் அம்மா. "மணியடிச்சா யாருன்னு தெரியப்போகுது லா."

மணி அடித்தது. முகமூடிகளைக் கழற்றும் சத்தமும் சிரிப்பும் சுற்றிலும் எழுந்தபோது கண்களை இறுக மூடிக்கொண்டேன். அந்தக் கை மெல்ல நழுவிய பிறகும் திறக்கவில்லை. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, உள்ளங்கையில் பசை காய்ந்து இழுத்தது.